உப்பளத்தில் உப்பு மட்டும் எப்படி ஒதுங்குகிறது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கலவைகளைப் பிரித்தல் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கடல்நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும் என்று புத்தகத்தில் ஒரே வரி. "கடல்ல மக்னீசியம், கால்சியம்லாம் இருக்குன்னு படிச்சோமே, அதெல்லாம் எங்கப்பா போகும்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உப்பளத்தில் சாப்பாட்டு உப்பு மட்டும் எப்படி வருகிறது? அப்புறம், கல்லுப்பு மழைக்காலத்தில் ஏன் தண்ணீர் விடுகிறது? இதை வீட்டில் செய்து காட்ட வழி உண்டா?

பதில்:

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் அரைகுறை. கடல்நீரை ஒரு சட்டியில் ஊற்றி அடிவரை வற்றவிட்டுப் பாருங்கள். கிடைப்பதை வாயில் வைக்க முடியாது. கரிப்போடு கசப்பும் சேர்ந்து நாக்கைப் பிடிக்கும். அடியில் சுண்ணாம்பு போல ஒரு மாவு ஒட்டியிருக்கும். எவ்வளவு காய வைத்தாலும் பிசுபிசுப்பு முழுதாகப் போகாது. தண்ணீரைத் தவிர கடலில் கரைந்திருந்த அத்தனையும் அந்தச் சட்டியில்தான் கிடக்கிறது. ஆவியாக்கல் என்பது தண்ணீரை மட்டும்தான் பிரிக்கும். மற்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காது.

உப்பளத்தில் நடப்பது வேறு வேலை. வேதியியலில் அதற்குப் பின்னப் படிகமாக்கல் என்று பெயர். ஒவ்வொரு உப்பும் தன் முறை வரும்போது படிகமாக வெளியே வரும். நமக்கு வேண்டியது வரும் நேரத்தில் மட்டும் அதை வாரிக்கொண்டு, மிச்சத் தண்ணீரைத் தூரக் கொட்டிவிட வேண்டும். உப்பு விளைவிப்பதில் பாதித் திறமை எப்போது தண்ணீரைக் கொட்டுவது என்று தெரிவதில்தான் இருக்கிறது.

கடலில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் கரைபொருள். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் கிட்டத்தட்ட 10.8 கிராம், சல்பேட்டு 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4 கிராம் அளவு. புரோமைடு வெறும் 0.067 கிராம். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு மாறும். செங்கடலில் அதிகம், பால்டிக் கடலில் ரொம்பக் குறைவு. ஆனால் இவற்றுக்குள் இருக்கும் விகிதம் திறந்த கடல்களில் அநேகமாக மாறுவதில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து, 1884இல் இதை உறுதிப்படுத்தினார். உப்பளக்காரருக்கு இது பெரிய வசதி. எந்தக் கடலோரத்தில் பாத்தி கட்டினாலும் உப்புகள் வெளிவரும் வரிசை ஒன்றுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை உங்கள் மகளுக்கு இப்போதே சொல்லிவிடலாம். மேலே உள்ள பட்டியலில் சோடியம் குளோரைடு என்ற பெயர் இல்லை, கவனித்தீர்களா? கடலுக்குள் சோடியம் குளோரைடு என்று ஒன்று தனியாகக் கிடையாது. மக்னீசியம் சல்பேட்டும் கிடையாது. சோடியம், மக்னீசியம், கால்சியம், குளோரைடு, சல்பேட்டு என்று மின்னூட்டம் உள்ள அயனிகள் தண்ணீரில் தனித்தனியாக அலைகின்றன, அவ்வளவுதான். யார் யாரோடு சேர்ந்து எந்த உப்பாக வெளியே வருவது என்பது தண்ணீர் வற்றும்போதுதான் முடிவாகிறது. எந்த இணை தண்ணீரில் மிகக் குறைவாகக் கரையுமோ அதுவே முந்திக்கொள்ளும். ஆகவே "உப்பு கடலில் இருக்கிறது, நாம் எடுக்கிறோம்" என்பதைவிட, "உப்பு பாத்தியில் உருவாகிறது" என்பதே சரி. உப்பு விளைகிறது என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்கிறார்களே, வேதியியல்படியும் அதில் குற்றமில்லை.

சரி, வரிசைக்கு வருவோம். 1849இல் உசிக்லியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியதரைக்கடல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்து, எந்தக் கட்டத்தில் எது எவ்வளவு படிகிறது என்று நிறுத்துப் பார்த்து எழுதி வைத்தார். இன்றும் உப்புத் தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் அவருடைய எண்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1,000 லிட்டர் கடல்நீரில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது பாதியாகச் சுண்டும்போதே கால்சியம் கார்பனேட்டு, அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருள், கொஞ்சம் இரும்புக் கறையோடு படிந்துவிடும். அளவு சொற்பம். ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 200 லிட்டர் அளவுக்கு வரும்போது ஜிப்சம் படியும். இது கால்சியமும் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த படிகம். பத்தில் ஒரு பங்கு, 100 லிட்டருக்குக் கிட்ட வந்த பிறகுதான் சாப்பாட்டு உப்பு தலைகாட்டும். அங்கிருந்து 20, 25 லிட்டர் ஆகும்வரை உப்பு மளமளவென்று விழும். மொத்தச் சோடியம் குளோரைடில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த இடைவெளியில் வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் அந்த 20 லிட்டர்தான் உங்கள் மகள் தேடும் மக்னீசியம் ஒளிந்திருக்கும் இடம்.

ஏன் இந்த வரிசை? கால்சியம் கார்பனேட்டு ஒரு லிட்டர் தண்ணீரில் மில்லிகிராம் கணக்கில்தான் கரையும். ஜிப்சம் இரண்டரை கிராம் போல. சோடியம் குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் கரையும். மக்னீசியம் குளோரைடு 540 கிராம். கரைதிறன் குறைந்தது முதலில், கூடியது கடைசியில். ஆனால் இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டால் மக்னீசியம் சல்பேட்டில் மாட்டிக்கொள்வோம். அதன் கரைதிறனும் சாப்பாட்டு உப்பின் கரைதிறனும் கிட்டத்தட்ட ஒன்றே. இருந்தும் அது உப்போடு வந்து விழுவதில்லை. காரணம், அது இருக்கும் அளவு குறைவு. ஒரு பொருள் நிறைசெறிவை, அதாவது இனிமேல் கரைய இடமில்லை என்ற நிலையை, எட்ட வேண்டுமானால் அதற்குப் போதிய சரக்கு வேண்டும். சோடியமும் குளோரைடும் ஏராளமாக இருப்பதால் அவை சீக்கிரம் எல்லையைத் தொடுகின்றன. கரைதிறன், இருக்கும் அளவு, இரண்டும் சேர்ந்துதான் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

இதை அப்படியே நிலத்தில் வரைந்தால் உப்பளம். இந்தியாவின் உப்பில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. அதற்கடுத்த இடத்தில் உள்ள தமிழ்நாட்டில் தூத்துக்குடிதான் முதன்மை. அங்கே கடல்நீர் மட்டுமல்ல, நிலத்தடியில் ஊறிக் கிடக்கும் உவர்நீரையும் ஆழ்குழாய் போட்டு இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிடச் செறிவாக இருப்பதால் நாள் மிச்சம். இறைத்த நீர் முதலில் தெப்பத்தில் நிற்கும். தெப்பம் என்பது பெரிய தேக்கம். அங்கிருந்து வரப்பு கட்டிய பாத்தி பாத்தியாக நகரும். ஒரு கட்டத்தில் ஜிப்சம் படிந்து தங்கும். அதை வெட்டி எடுத்தால் சிமெண்ட் ஆலைக்குப் போகும். ஜிப்சத்தைப் பின்னால் விட்டுவிட்டு வந்த தெளிந்த நீர்தான் உப்புப் பாத்திக்குள் பாய்ச்சப்படுகிறது. வழியில் போகிறவர்கள் நினைப்பதுபோல் அத்தனை பாத்தியிலும் உப்பு விளைவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் உப்பு வருவதற்கு முன்பே போயாக வேண்டுமே. அதனால் உப்பளத்தின் பெரும்பரப்பு தண்ணீரைச் சுண்டவைக்க மட்டும்தான்.

எப்போது எந்தப் பாத்திக்குத் திருப்புவது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு கண்ணாடி மிதவை போதும். அடியில் ஈயக்குண்டு, மேலே கோடு போட்ட தண்டு. செறிவு கூடக் கூட மேலே எழும்பும். உப்பளத்தில் "இத்தனை டிகிரி" என்று பேசுவது வெப்பத்தை அல்ல, இந்த மிதவையின் அளவைத்தான். அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768இல் வகுத்த அளவுகோல் அது. நல்ல தண்ணீர் 0, நூற்றுக்குப் பதினைந்து உப்பு கலந்த நீர் 15 என்று இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டார். கடல்நீர் இதில் 3 அல்லது மூன்றரை டிகிரி. ஜிப்சம் 13 டிகிரி வாக்கில் படியத் தொடங்கும். உப்பு 25 தாண்டியதும். 29, 30 டிகிரியில் நிறுத்தியாக வேண்டும். இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான கருவி உப்பளத்துக்கு வரவில்லை. கரைசலில் என்னென்ன இருக்கிறது என்று மிதவைக்குத் தெரியாது, அடர்த்தி மட்டும்தான் தெரியும். ஆனால் கலவையின் விகிதம் எங்கும் ஒன்றாக இருப்பதால், அடர்த்தி தெரிந்தாலே எது படியும் கட்டம் என்று சொல்லிவிட முடிகிறது.

25 டிகிரி தாண்டிய பாத்தியைக் கிட்டக் குனிந்து பார்த்தால் படிகம் பிறப்பதைக் கண்ணால் காணலாம். ஆவியாவது மேற்பரப்பில் என்பதால் செறிவு அங்கேதான் முதலில் எல்லை மீறும். நீர்ப்பரப்பில் குண்டூசித் தலை அளவுக்குச் சதுரச் சில்லுகள் மிதக்கும். ஓரங்கள் வேகமாக வளரும், நடு பின்தங்கும். தன் எடையால் சற்றே அமிழ்ந்து, மேலே புதிய ஓரம் வளர்ந்து, தலைகீழாகக் கவிழ்த்த குட்டிப் பிரமிடு போல உள்ளே குழிந்த வடிவம் வரும். காற்று ஓர் அசைப்பு அசைத்தால் மூழ்கிவிடும். அடியில் கிடந்து மெதுவாக வளரும்போது குழிகள் மூடி, நாம் கடையில் பார்க்கும் கல்லாகிறது. அப்படி மூடும்போது அந்தக் குழிக்குள் கொஞ்சம் பாத்தி நீரும் அகப்பட்டுக்கொள்ளும். வெறும் சட்டியில் கல்லுப்பைப் போட்டு வறுக்கும்போது படபடவென்று வெடித்துச் சிதறுகிறதல்லவா, உள்ளே சிறைப்பட்ட அந்த நீர் ஆவியாகிக் கல்லை உடைக்கும் சத்தம்தான் அது. நன்றாக விளைந்த பாத்தியின் நீர் இளஞ்சிவப்பாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கில்லை. அவ்வளவு உப்பிலும் வாழக்கூடிய துனாலியெல்லா என்ற பாசியும் சில நுண்ணுயிர்களும் தரும் நிறம். சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் உப்பளத்துக்கு ஆதாயம்தான்.

வாருபலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றி, நீர் வடிந்த பின் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். கொதிக்கும் வெயிலில், கண்ணைக் கூசவைக்கும் வெண்பரப்பில், உப்புநீரில் கால் ஊற நின்று செய்கிற வேலை. "ஆவியாக்கல் எளிய முறை" என்று எழுதுகிற பாடப்புத்தகம் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

இப்போது 29 டிகிரியில் ஏன் நிறுத்த வேண்டும் என்பதைப் பார்ப்போம். அதைத் தாண்டினால் மக்னீசியம் உப்புகள் படியத் தொடங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நீர் தடித்துப்போய் எண்ணெய் போலப் படிகங்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்தால் உப்பு கசக்கும். மூன்றாவது காரணம் காற்றில் இருக்கிறது. உப்பு நிறைந்த கரைசலிலிருந்து தண்ணீர் அவ்வளவு சுலபமாக வெளியேறாது. நிறைசெறிவான சாப்பாட்டு உப்புக் கரைசல், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் வற்றும். அதற்கு மேல் போனால் வற்றாது. எதிர்த்திசையில் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை வெறும் 33 விழுக்காடு. கடலோரத்தில் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். அதனால் மக்னீசியம் மிகுந்த நீர் பாத்தியில் எத்தனை நாள் கிடந்தாலும் முழுதாக வற்றாமல் அடம்பிடிக்கும். தூத்துக்குடியில் உப்பு ஏன் தை, மாசிக்குப் பிறகு தொடங்குகிறது, கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஏன் சூடுபிடிக்கிறது, ஐப்பசியில் வாடையும் மழையும் வந்ததும் ஏன் நின்றுபோகிறது என்பதற்கெல்லாம் இந்த 75 என்ற எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்டு இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. வெயில் மட்டும் போதாது, காற்றும் காய்ந்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதே எண்களில் இருக்கிறது. தூய சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டு ஈரப்பதம் வரை ஈரத்தைத் தொடாது. கல்லுப்பு அதற்கு முன்பே நசநசப்பது அதன் மேல் படிந்திருக்கும் மக்னீசியம் குளோரைடால். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அதிலேயே கரைந்து சொட்டுவது அதன் குணம். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80, 90 என்று போகும்போது சோடியம் குளோரைடும் சேர்ந்து கசியத் தொடங்கிவிடும். அப்போதுதான் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கிறது. தட்டில் கொஞ்சம் சாய்வாகப் போட்டு வடியவிட்டால், வடிகிற நீரில் முதலில் போவது பெரும்பாலும் அந்த மக்னீசியம்தான். உப்பளத்து அம்பாரங்களும் இப்படித்தான் தானாகச் சுத்தமாகின்றன. குவியல் கிடக்கக் கிடக்க, இரவு ஈரத்தை இழுத்த மக்னீசியம் குளோரைடு கரைந்து கீழே வடிந்துவிடும்.

ஆலையில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. கழுவ வேண்டும். தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போய்விடுமே? அங்கேதான் சாமர்த்தியம். சோடியம் குளோரைடு நிறைந்த கரைசலை வைத்தே உப்பைக் கழுவுகிறார்கள். அந்த நீரில் சோடியம் குளோரைடுக்கு இனி இடம் இல்லை, ஆகவே கல் கரையாது. மக்னீசியத்துக்கு இடம் இருக்கிறது, அது கரைந்து ஓடிவிடும். ஆய்வகத்தில் படிகங்களைக் கழுவும்போது குளிர்ந்த கரைப்பானைக் கொஞ்சமாகப் பயன்படுத்தச் சொல்வதும் படிகம் கரைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்குப் பிரித்தல் முறைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், "இயற்கைத் தாதுக்கள் நிறைந்த கழுவாத உப்பு" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தாது என்பது கல்லின் மேல் ஒட்டிய பாத்தி நீர்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 5 கிராமில் அரை விழுக்காடு மக்னீசியம் இருப்பதாகவே வைத்தாலும் 25 மில்லிகிராம். உடலுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தேவை. அதைக் கீரையிலும் பயறிலும் தேடுவது நல்லது. கல்லுப்பின் ருசிக்காக வாங்கினால் தாராளமாக வாங்குங்கள், தாதுக்காக வேண்டாம்.

வாரிய உப்பு எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பதும் கலவையைப் படிப்பதில் ஒரு பகுதி. உப்பைக் கரைத்து, பொட்டாசியம் குரோமேட்டு இரண்டு சொட்டு விட்டு, வெள்ளி நைட்ரேட்டை அளவி (பியூரெட்) எனும் கோடிட்ட குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். குளோரைடு இருக்கும்வரை தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு. அது தீர்ந்த மறுசொட்டில் செங்கல் நிறம் தட்டும். எவ்வளவு வெள்ளி நைட்ரேட்டு செலவானது என்பதிலிருந்து குளோரைடின் கணக்கு வரும். சல்பேட்டுக்கு பேரியம் குளோரைடு. கால்சியம், மக்னீசியத்துக்கு அவற்றைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருள். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம்தான் முடிவு. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்கு இவற்றில் சிலதாவது கை பழகியிருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, அயோடின் கலந்த உப்பு ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 96 விழுக்காடு சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும்; கடையில் விற்கும்போது அயோடின் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது.

இனி அந்தத் தூரக் கொட்டிய 20 லிட்டருக்கு வருவோம். மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் ஐம்பது மடங்கு வரை செறிந்து அதில் நிற்கின்றன. 1826இல் தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் அந்துவான் பலார் என்ற இளைஞர், உப்பளத்தில் மிஞ்சிய கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தியபோது அது செம்மஞ்சளாக மாறியது. பிரித்துப் பார்த்தால் புதிய தனிமம்: புரோமின். கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் மட்டுமே இருப்பது கசப்பு நீரில் 2, 3 கிராம் வரை செறிந்திருக்கும். அதனால்தான் கண்ணில் பட்டது. ஜெர்மனியில் ஸ்டாஸ்ஃபுர்ட் என்ற ஊரில் இன்னொரு வேடிக்கை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய ஒரு கடல் பூமிக்குள் அடுக்கடுக்காக உப்பாகக் கிடக்கிறது. வரிசை நாம் பார்த்த அதே வரிசைதான்: அடியில் ஜிப்சத்தின் வகை, அதன்மேல் பாறையுப்பு, உச்சியில் பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள். பாறையுப்பைத் தோண்டப் போனவர்கள் மேலே கிடந்த கசப்பு உப்புகளைக் குப்பை என்று ஒதுக்கிப் போட்டார்கள். அது பொட்டாசிய உரம் என்று உணர்ந்து 1861இல் அங்கே ஆலை வந்தது. பிறகு அந்த அடுக்குகள் எந்த வெப்பத்தில் எந்தக் கலவையிலிருந்து வந்திருக்க முடியும் என்று பெர்லினில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றவர் அவரே. நம் நாட்டில் பாவ்நகரில் 1954இல் தொடங்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம், இந்தக் கசப்பு நீரிலிருந்து பொட்டாசிய உரம் எடுக்கும் வழிகளில் வேலை செய்திருக்கிறது. ஆகவே உங்கள் மகளின் கேள்விக்குச் சுருக்கமான விடை: கால்சியம் ஜிப்சமாக முந்தைய பாத்தியில் தங்கிவிட்டது, மக்னீசியம் கசப்பு நீரோடு வெளியே போய்விட்டது.

இன்னொன்றும் கேட்கக்கூடும்: உப்பைச் சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்தால் படிகம் வராதா, ஏன் மாதக்கணக்கில் காய வேண்டும்? பல பொருள்களுக்கு அது நடக்கும், சாப்பாட்டு உப்புக்கு நடக்காது. 100 கிராம் தண்ணீரில் அது குளிரில் 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39. மூன்று கிராம் வித்தியாசத்தில் என்ன கிடைக்கும்? வெடியுப்பு எனும் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பாருங்கள்: 20 டிகிரி செல்சியசில் 32 கிராம், கொதிநிலையில் 240க்கும் மேல். பீகாரில் மண்ணைக் கரைத்து வெடியுப்பு எடுத்தவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த மண்ணில் சாதா உப்பும் கலந்திருக்கும். காய்ச்சிச் சுண்டவைக்கும்போது சாதா உப்பு சூட்டிலேயே அடியில் விழும். அதை அள்ளிவிட்டு நீரை ஆறவைத்தால் வெடியுப்பு ஊசி ஊசியாக வரும். கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிப்போன சரக்கு இது. இரண்டு பொருளும் ஒரே பானையில் இருந்தாலும், ஒன்றுக்குச் சூடு வேண்டும், மற்றதற்குக் குளிர் வேண்டும். எந்தக் கலவையைப் பிரிப்பதானாலும் முதலில் தேட வேண்டியது, பொருள்கள் எந்தக் குணத்தில் வேறுபடுகின்றன என்பதைத்தான்.

இந்தப் பிரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு டன் உப்புக்குக் குறைந்தது 40 டன் தண்ணீரையாவது ஆவியாக்க வேண்டும். ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 675 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போகும். ஆக ஒரு டன் உப்புக்கு 27,000 யூனிட். உப்பு மலிவாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கட்டணத்தைச் சூரியன் கட்டிவிடுவதுதான். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்குக் குடிநீர் எடுக்கும் ஆலைகள் இதே கலவையை எதிர்ப்பக்கத்திலிருந்து பிரிக்கின்றன. அங்கே தண்ணீரை ஆவியாக்குவதில்லை. அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே தள்ளுகிறார்கள். அதனால் ஒரு டன் நல்ல தண்ணீருக்கு மூன்று, நான்கு யூனிட்டில் வேலை முடிகிறது. ஆனால் உப்பு கிடைக்காது. செறிந்த உவர்நீர் திரும்பக் கடலுக்கே போகிறது.

கடைசியாக, வீட்டில் செய்து காட்டும் வழி. கழுவாத கல்லுப்பு 100 கிராம் வாங்குங்கள். அதைக் கால் லிட்டர் வெந்நீரில் போட்டுக் கலக்கி ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும், நிற்கட்டும். நெருக்கமான துணியிலோ வடிதாளிலோ வடிகட்டினால் மண்ணும் ஜிப்சத் துகளும் தங்கிவிடும். தெளிந்த நீரை அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி மாடியில் வையுங்கள். முதல் நாள் மதியமே மேற்பரப்பில் சதுரச் சில்லுகள் மிதக்கும். பூதக்கண்ணாடி கொடுத்தால் மகள் நகரமாட்டாள். தட்டு முழுக்கக் கல்லாகி, நடுவில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் மட்டும் மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் சாய்த்து வேறொரு கிண்ணத்தில் எடுத்துத் தனியாகக் காய வையுங்கள். தட்டில் இருப்பதும் கிண்ணத்தில் இருப்பதும் தனித்தனியாக உலர்ந்த பிறகு, இரண்டையும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிண்ணத்து உப்பில் கசப்பு தெரியும். பின் இரண்டையும் மூடாமல் சன்னலோரம் வையுங்கள். மேகமூட்டமான நாளில் கிண்ணத்து உப்புதான் முதலில் நனையும். பாக்கெட் தூள் உப்பை வைத்து இதைச் செய்யாதீர்கள். அது ஏற்கெனவே ஆலையில் கழுவிச் சுத்தமானது, கிண்ணத்தில் கசக்கும்படி ஒன்றும் மிஞ்சாது.